கலாராணி கொடி துவைத்த கதை

கலாராணிக்கு அடையாள அட்டை கிடைத்தபோது வயது இருபத்தைந்து. அதற்கு முன் அவள் எந்த நாட்டுக்காரி என்று கேட்டால் அரசாங்கத்துக்கே பதில் தெரியாது. ஹுன்னஸ்கிரியவில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்து, அங்கேயே கொழுந்து பறித்து வளர்ந்தவள். அப்பா பழனியாண்டியும் அதே லயத்தில்தான் பிறந்தார். எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லாமலேயே கண்ணை மூடினார். அட்டை கைக்கு வந்த அன்று கலாராணி அதை முந்தானையால் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். தூசு ஒன்றும் இல்லை. சும்மா துடைத்தாள்.

பிறகு அம்பிட்டியவில் ஒரு சின்ன அரச அலுவலகத்தில் கூட்டிப் பெருக்கும் வேலை கிடைத்தது. வந்த கையோடு, கொடியேற்றும் பொறுப்பையும் கேட்டு வாங்கிக்கொண்டாள். வேறு யாரும் போட்டிக்கு வரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பதினொரு வருஷமாகக் காலையில் ஏற்றுவாள், பொழுது சாயும்போது இறக்குவாள். "நம்ம கொடி" என்றுதான் சொல்வாள். அப்படிச் சொல்லும்போது யாரையாவது முறைத்துப் பார்க்க வேண்டும் என்று அவளுக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை.

மாதம் ஒரு தடவை கொடியைத் துவைப்பாள். அதில் ஒரு தொல்லை இருந்தது. அலுவலகம் வாங்கித் தந்தது மலிவுத் துணி. சிங்கம் நிற்கிற அரக்குப் பகுதியில் சாயம் இறங்கும். அகலவாட்டில் காயப்போட்டால் பக்கத்திலிருக்கும் பச்சையிலும் செம்மஞ்சளிலும் அது ஊறிவிடும். ஆகவே அந்த இரண்டு பட்டைகளும் மேலே வர, அரக்கு கீழே தொங்க, செங்குத்தாகக் கிளிப் போடுவாள். கீழ் விளிம்பில் ஒரு பழந்துணியைச் சுற்றிவிடுவாள். அந்த நேரத்தில் சிங்கத்தைப் பார்த்தால் சுவரேறும் பூனை மாதிரி இருக்கும். கலாராணிக்கே சிரிப்பு வரும்.

ஒரு செவ்வாய்க்கிழமை, மாற்றுக் கொடியை ஏற்றிவிட்டு இதைக் காயப்போட்டிருந்தபோது ருவன் படம் எடுத்தான். ருவன் எதிரே தரிப்பிடத்தில் முச்சக்கரவண்டி ஓட்டுகிற சிங்களப் பையன். கெட்டவன் என்று சொல்ல முடியாது. மழை நாளில் கலாராணியைச் சும்மாவே பஸ் நிலையம் வரை ஏற்றிப் போயிருக்கிறான். இப்போதோ முகநூலில் நாட்டைக் காப்பாற்றும் ஒரு கூட்டத்தில் சேர்ந்திருந்தான். அவன் வண்டியிலும் பெரிய கொடி உண்டு. எப்போதோ ஒரு கிரிக்கெட் ஆட்டத்துக்குக் கட்டியது. பிறகு அவிழ்க்கவே இல்லை. ஓரமெல்லாம் கிழிந்து, புகையில் கறுத்து, சிங்கத்துக்கு வால் பாதி போய்விட்டது. நாட்டுப்பற்று மட்டும் குறையவில்லை.

படத்துக்குக் கீழே எழுதினான்: "தமிழருடைய நிறத்தையும் முஸ்லிம்களுடைய நிறத்தையும் உச்சியில் வைத்து, நம் சிங்கத்தைக் காலடியில் தொங்கவிட்டிருக்கிறாள் ஒரு தமிழ்ப் பெண்."

இரண்டு நாளில் வாசலில் முப்பது பேர் நின்று கத்தினார்கள். அலுவலகப் பொறுப்பாளர் கஜேந்திரன் கதவைச் சாத்திக்கொண்டு கலாராணியைக் கூப்பிட்டார்.

"நான் உன்ன நம்புறேம்மா. வெளியில நிக்கிறவங்க நம்பணுமே."

"சாயம் எறங்குதுங்க சேர். வேணும்னா அவங்க முன்னாலயே தொவச்சிக் காட்டுறேன்."

"ஐயோ, திரும்ப அந்தக் கொடியத் தொட்டுடாத!"

அவர் ஒரு கடிதத்தை நீட்டினார். தவறு செய்துவிட்டேன், இனிக் கொடியைத் தொடமாட்டேன் என்று சிங்களத்தில் இருந்தது. அவளுடைய நிரந்தர நியமனம் மேலிடத்தில் கையெழுத்துக்காகக் காத்துக்கிடந்தது. இன்னும் ஒரு முறைப்பாடு வந்தால் வேலையே போய்விடும், தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்றார். பயந்த மனிதர், பொய் சொல்லவில்லை. வீட்டில் உழைக்கிறவள் கலாராணி ஒருத்திதான். கையெழுத்துப் போட்டாள். போட்ட கையை அன்று முழுக்க அவளுக்குப் பிடிக்கவில்லை.

கொடி வேலை சுரேஸிடம் போனது. கோப்பு தூக்கும் சுரேஸ் நல்ல பிள்ளைதான். ஆனால் மணி நாலேகால் ஆனதும் அவன் கண்ணுக்கு பஸ்ஸைத் தவிர வேறொன்றும் தெரியாது.

மூன்றாம் நாள் கலாராணி கடைசி அறையையும் துடைத்துவிட்டு, ஆறு மணிக்கு வாசலைப் பூட்ட வந்தாள். நிமிர்ந்தால், கம்பத்தில் கொடி அப்படியே இருந்தது. சூரியன் மலைக்குப் பின்னால் போய்விட்டது. எதிரே வண்டிக்குள் ருவன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பூட்டிவிட்டுப் போயிருக்கலாம். யாரும் அவளைக் கேட்கப் போவதில்லை. தொடாதே என்றுதானே எழுதி வாங்கியிருக்கிறார்கள். ஆனாலும், இருட்டப்போகிற நேரத்தில் ஆளில்லாத முற்றத்தில் கொடியை விட்டுப்போக அவளால் முடியவில்லை. தன் பொருளைத் தான் எடுத்துவைக்க யாரிடம் அனுமதி கேட்பது என்று கோபமும் வந்தது. கம்பத்தடிக்குப் போய்க் கயிற்றை அவிழ்த்தாள்.

ருவன் வாசலுக்கு வந்துவிட்டான். படம் பிடிக்கப் போன் உயர்ந்திருந்தது. காற்று பலமாக அடித்து, கொடியின் ஒரு மூலை அவள் கையிலிருந்து நழுவியது.

"மல்லி," என்று அவனைத் தம்பி முறை சொல்லிச் சிங்களத்தில் கூப்பிட்டாள். "அந்த மூலையப் பிடிங்க. தரையில படப் போகுது."

ருவனுடைய ஒரு கால் உள்ளே வந்தது. போனைப் பிடித்திருந்த கை இறங்கவில்லை. கலாராணி குனிந்து மூலையைப் பற்றி, படுக்கை விரிப்பு மடிப்பதுபோல நடுவைத் தாடையால் அழுத்திக்கொண்டு, தனியாகவே மடித்தாள்.

மடித்த கொடியை நெஞ்சோடு வைத்துக்கொண்டு போனை நேராகப் பார்த்தாள்.

"பொழுது சாஞ்சா கொடிய எறக்கணும். யாரும் எறக்கல, நான் எறக்குனேன். பேரு கலாராணி. அதையும் சேத்துப் போடுங்க, மல்லி."