துப்பாக்கித் துளைகளும் நகர்த்தாத அலமாரியும்

எங்கள் ஊர்க் கோயிலை இடிக்கிற நிலைக்குக் கொண்டுபோனவன் நான். மழை இல்லை, கரையான் இல்லை, பிசாசுகூட இல்லை, நான்தான். இதை முதலில் சொல்லிவிட்டால்தான் ஆண்டவர் செய்ததைச் சொல்ல எனக்கு யோக்கியதை வரும்.

களக்காட்டுக்குப் போகிற வழியில் எங்கள் ஊர். நான் பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் வரலாறு நடத்துகிறேன். எங்கள் கோயில், கிறிஸ்தவ மிஷன் காலத்தில் கட்டிய தேவாலயம். கல்லும் செங்கலும் சுண்ணாம்புக் காரையுமாக இரண்டு முழக் கனத்துக்குச் சுவர், மேலே தேக்கு உத்திரங்கள், முகப்பில் ஒரு கோபுரம். சுவரின் அடியில், கணுக்கால் உயரத்தில், கைமுட்டி நுழையும் அளவுக்கு வரிசையாகத் துளைகள்.

சில ஆண்டுகளுக்கு முன் பிரதிஷ்டைப் பண்டிகை மலருக்குக் கோயிலின் வரலாற்றை எழுதித் தரச் சொன்னார்கள். அந்தத் துளைகள் பாளையக்காரர் சண்டையில் துப்பாக்கி நீட்டுவதற்காக விட்டவை என்று எழுதினேன். ஆதாரம், என் தமிழ் நடை. கணுக்கால் உயரத்தில் ஒருவன் எப்படிக் குறி பார்ப்பான் என்று யாரும் கேட்கவில்லை. அந்தச் சண்டைகள் ஓய்ந்த பிறகுதான் கோயிலே எழும்பியது என்பதை வரலாற்று ஆசிரியனான நானும் கவனிக்கவில்லை.

அதோடு நின்றிருக்கலாம். கோயிலை நிர்வகிக்கும் சேகரக் கமிட்டியில் எழுந்து, "சண்டை இல்லாத காலத்தில் இந்தத் துளைகள் எதற்கு? அடைத்துவிட்டு, உட்சுவர் முழுவதும் சிமெண்டு பூசி, நல்ல பெயிண்ட் அடிப்போம்" என்றேன். மலரில் எழுதியவன் சொன்னால் மறுப்பார்களா? பால்ராஜ் கொத்தனார் மட்டும் தயங்கினார்.

"சார், இது சுண்ணாம்புச் செவுரு. சிமெண்டு ஒத்துக்கிடுமா?"

"நான் படிச்சவன் சொல்லுதேன், பூசும்" என்றேன். பூசினார்.

மூன்றாவது அடைமழையில் வடக்குச் சுவர் வயிறு தள்ளியது. பெயிண்ட் கொப்புளித்தது. உப்பு பூத்து உதிர்ந்தது. கோயிலைக் கூட்டும் ஞானப்பூ அக்கா தினமும் ஒரு முறம் அள்ளினார். வந்து பார்த்த பொறியாளர், சுவர் உள்ளே ஊறிவிட்டது, உத்திர முனைகளும் நைகின்றன, வயதாகிவிட்டது என்றார். கிறிஸ்துமஸ் ஆராதனை கடைசி, புது வருஷம் பிறந்ததும் இடித்துவிடலாம் என்று கமிட்டி முடிவு செய்தது. என் ஞானஸ்நானம், என் கல்யாணம், என் அப்பாவின் அடக்க ஆராதனை எல்லாம் அந்தக் கூரையின் கீழ்தான் நடந்தன.

அப்போதுதான் பழைய கட்டடங்களைப் பற்றி உண்மையாகவே படித்தேன். சுண்ணாம்புச் சுவர் தரையின் ஈரத்தை உறிஞ்சும், பிறகு வெளியே விடும். அந்தத் துளைகள், கட்டியவர்கள் அதற்காகவே விட்ட காற்றுவழி. நான் அந்தச் சுவருக்கு மழைக்கோட்டை மாட்டி, மூக்கையும் அடைத்திருக்கிறேன்.

ஜெபித்தேன். என்னவென்று? "ஆண்டவரே, கோயில் நிற்க வேண்டும். ஆனால் நான் செய்தது வெளியே வரக் கூடாது." இரண்டு வாரம் இதே ஜெபம். வானம் வாயே திறக்கவில்லை.

கிறிஸ்துமஸ் ஆராதனையில் எல்லோரும் அழுதுகொண்டே பாடினார்கள். நான் பாட்டுப் புத்தகத்தை மூடி வைத்தேன். முழங்காலில் நின்று ஜெபத்தை மாற்றினேன். "என் பேர் போகட்டும். கோயில் நிற்கட்டும். நான் சொன்னால் நம்புவதற்கு ஒரு சாட்சி மட்டும் கொடும்." என் வாழ்க்கையில் நான் செய்த முதல் நேர்மையான ஜெபம் அது என்று நினைக்கிறேன்.

புது வருஷம் பிறந்த வாரம், குருவானவர் அங்கி மாற்றும் அறையைக் காலி செய்யப் போனோம். பதிவேடுகள் இருக்கும் பெரிய அலமாரியை நானும் ஞானப்பூ அக்காவும் மூச்சுமுட்ட நகர்த்தினோம். அக்கா சுவரில் கை வைத்தார்.

"சார், இங்கன வாங்க. ஊர்ப்பட்ட செவுரும் நனைஞ்சி கெடக்கு, இது மட்டும் அப்பளம் மாதிரி காய்ஞ்சிருக்கே!"

அலமாரியின் பின்னால் சிமெண்டு இல்லை. பழைய சுண்ணாம்பு அப்படியே இருந்தது. அடியில் ஒரு துளை, திறந்தபடி. கையை வைத்தேன். காற்று வந்தது. பால்ராஜுக்கு அலமாரியை நகர்த்தச் சோம்பல். அதைச் சுற்றிப் பூசிவிட்டுப் போயிருக்கிறார். அந்தச் சோம்பலுக்கு நான் அங்கேயே ஸ்தோத்திரம் சொன்னேன்.

அன்று சாயங்காலமே கமிட்டியில் எல்லாவற்றையும் சொன்னேன். செயலாளர் தவமணி அண்ணாச்சி என்னையே பார்த்தார்.

"துப்பாக்கித் தொளைன்னு நம்பி, என் சம்பந்தியக் கூட்டியாந்து அங்கன குனிய வச்சில்லா காட்டுனேன்! உம்ம எழுத்த நம்புனேன்வே!"

"மன்னிச்சிருங்க, அண்ணாச்சி."

"மன்னிப்பு கெடக்கட்டும். அந்த எடத்தைக் காட்டும்."

எல்லோரும் போய்ச் சுவரைத் தொட்டுப் பார்த்தார்கள். பொறியாளரும் வந்து பார்த்துவிட்டு, ஆறு மாதம் பொறுக்கலாம் என்றார். சிமெண்டை உரித்தோம். துளைகளைத் திறந்தோம். உரித்தவர்களில் முதல் ஆள் நான், உள்ளங்கையெல்லாம் கொப்புளம். மாசி தொடங்கிச் சித்திரை முடியக் காய்ந்த வெயிலை எங்கள் ஊரில் சபிக்காதவன் நான் ஒருவன்தான். பொறியாளர் மறுபடி வந்தபோது சுவர் காய்ந்திருந்தது. இரண்டு உத்திர முனைகளை மாற்றி, வயிறு தள்ளிய பகுதியை மட்டும் பிரித்துக் கட்டி, சுண்ணாம்பு பூசினால் போதும், இடிக்க வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார். அந்தத் தாளைப் பலிபீடத்தின் மேல் வைத்து அழுதேன்.

இப்போதும் எழுதுகிறேன். தெரியாததைத் தெரியாது என்றும் எழுதுகிறேன். கட்டுரைகள் பாதியாகச் சுருங்கிவிட்டன. உங்களில் யாராவது தவறை மூடி வைத்துக்கொண்டு மன்றாடிக்கொண்டிருந்தால், அதைத் திறந்து வைத்துக் கேளுங்கள். அவர் கைவிடமாட்டார். என்னையே கைவிடவில்லை.

அறுப்பின் பண்டிகையன்று இதையெல்லாம் சபை முன்னால் சாட்சியாகச் சொன்னேன். பலர் கண்ணைத் துடைத்தார்கள். அசனப் பந்தியில் ஞானப்பூ அக்கா என் இலையில் சோறு வைத்தபடி குனிந்து சொன்னார்:

"சாட்சி நல்லாருந்துச்சு சார். ஆனா கோபுரத்தப் பத்தி மட்டும் எதுவும் எழுதிராதீய. அது பாவம், ஒழுங்காத்தான் நிக்கி."