புகைபோக்கியில் ஓர் அணில் கூடு

என் அத்தையின் பரீட்சை எங்கள் வீட்டு அடுப்படியில் நடந்தது. அதற்காக அம்மா தன் அடுப்பை இடிக்கக் கொடுத்தாள். சும்மா கொடுக்கவில்லை, கொடுத்த நாளிலிருந்து முனகிக்கொண்டே இருந்தாள்.

அத்தை அப்பாவின் தங்கை. அறுபதுகளின் தொடக்கத்தில், சின்னாளப்பட்டிப் பக்கம் ஒரு பயிற்சி நிலையத்தில் தங்கி, கிராம சேவிகா வேலைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். ஊர் ஊராகப் போய்ப் பெண்களுக்குக் குழந்தை வளர்ப்பு, காய்கறித் தோட்டம், புகையில்லா அடுப்பு என்று சொல்லிக்கொடுக்கிற சர்க்கார் உத்தியோகம். கடைசிப் பரீட்சைகளில் ஒன்று இந்த அடுப்பு. படிக்கிற ஒவ்வொருத்தியும் ஏதாவது ஒரு வீட்டில், அந்த ஊர் மண்ணையே கொண்டு ஓர் அடுப்பு கட்டவேண்டும். கொஞ்ச நாள் அதில் சமையல் நடந்த பிறகு, நிலையத்து டீச்சரம்மா நேரில் வந்து தட்டிப் பார்ப்பார், கேள்வி கேட்பார், எரியவிட்டுப் பார்த்து மார்க் போடுவார்.

கன்னிவாடிச் சாலையில் இருந்த எங்கள் ஊரில் யாரும் அத்தையை அடுப்படிக்குள் விடவில்லை. நன்றாக எரிகிற அடுப்பை எவள் இடிக்க விடுவாள்? மின்சாரம் தோட்டத்துக் கிணறு வரைக்கும் வந்திருந்ததே தவிர வீட்டுக்குள் வரவில்லை. சோறும் வெஞ்சனமும் வெந்நீரும் காய்ந்த பருத்திமாரையும் கருவேல விறகையும் நம்பி இருந்த காலம். கடைசியில் எங்கள் வீடே பரீட்சைக் கூடமானது.

"என் அடுப்ப இடிச்சுத்தான் ஒனக்கு உத்தியோகம் வரணுமாக்கும்" என்றாள் அம்மா.

"புது அடுப்புக்குப் பாதி வெறகு போதும் மதினி. கண்ணும் எரியாது."

"எரிஞ்சு எரிஞ்சு அது பழகிப்போச்சு" என்று சொன்ன அம்மாதான் கடப்பாரையையும் தேடி எடுத்து வந்து கொடுத்தாள்.

எனக்கு அப்போது எட்டு வயது. மண் மிதிக்கிற வேலை என்னுடையது. கண்மாயிலிருந்து ஒட்டுப்பிடிக்கிற கரம்பை மண்ணும் ஓடையிலிருந்து மணலும் அப்பாவே வண்டியில் கொண்டுவந்து கொட்டினார். அத்தை உடனே அடுப்புக் கட்ட உட்காரவில்லை. மணலைக் கூட்டியும் குறைத்தும் மண்ணைப் பிசைந்து, உருண்டை உருண்டையாகப் பிடித்து வெயிலில் காயவைத்தாள். காய்ந்ததும் ஒவ்வொன்றாக நெஞ்சு உயரத்திலிருந்து கீழே போட்டாள். சில ஏற்கெனவே வெடித்திருந்தன, சில விழுந்ததும் உதிர்ந்தன. உடையாமல் கிடந்த உருண்டையை எடுத்து, நகை வாங்கப் போனவள் பார்ப்பதுபோலத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அந்தக் கலவையில் நறுக்கிய வைக்கோலும் சாணமும் சேர்ந்து அடுப்பு எழும்பியது. முன்னால் விறகு வைக்க ஒரே வாய், மேலே வரிசையாக மூன்று பானைக் குழி, உள்ளே தீ ஓட ஒரு வழி. கடைசியில், குயவர் சுட்டுக் கொடுத்த மண் குழாய்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, கூரை ஓட்டைத் தாண்டி வெளியே நீட்டிய புகைபோக்கி.

ஈரம் காய்ந்து அம்மா முதல் உலை வைத்த அன்று, வாசலில் நின்று பார்த்தால் அடுப்படியின் உள்சுவர் தெரிந்தது. அது அவ்வளவு கறுப்பு என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். அம்மா ஒரு வார்த்தை பாராட்டவில்லை. பக்கத்து வீட்டுக்காரி விசாரித்தபோது, "ஏதோ எரியுது" என்றாள். ஆனால் அன்று மாலையே சுவருக்கு வெள்ளையடிக்கச் சுண்ணாம்பு ஊறப்போட்டாள்.

அத்தைக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. மாமா நெய்க்காரப்பட்டிக்காரர். மைசூர்ப் பக்கம் வேலைக்குப் போயிருக்கிறார், வந்ததும் அத்தையைக் கூட்டிப்போவார் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். அவர் அங்கேயே வேறொரு குடும்பம் வைத்துக்கொண்டுவிட்டார் என்பது என்னைத் தவிர வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அந்தச் சம்பந்தத்தைப் பேசி முடித்தவர் அப்பா. அத்தையைப் படிக்க அனுப்பலாம் என்று அம்மா சொன்னபோது மறு பேச்சில்லாமல் சம்மதித்தவரும் அவர்தான். பெட்டியைத் தோளில் சுமந்துபோய்ப் பயிற்சி நிலையத்தில் விட்டுவிட்டு வந்தார். ஆனால் பரீட்சை நெருங்க நெருங்க அவர் பேச்சு குறைந்தது. பாஸானால் அத்தை எங்கோ ஓர் ஊரில் தனியாக வீடு எடுத்துத் தங்கவேண்டும்.

"நாளப்பின்ன மாப்பிள்ள மனசு மாறி வந்து நின்னா, பொண்டாட்டி எங்கேன்னு கேக்க மாட்டாரா?" என்று ஒருநாள் அம்மாவிடம் கேட்டார்.

"வந்தாத்தான கேக்க" என்றாள் அம்மா. அப்பா எழுந்து தோட்டத்துக்குப் போய்விட்டார்.

பரீட்சை நாளன்று காலை, அம்மாவும் அத்தையும் தண்ணீர் எடுக்கப் போயிருந்தார்கள். அப்பா ஏணியைச் சுவரில் சாய்த்து ஓட்டின்மேல் ஏறினார். கக்கத்தில் சுருட்டிய சாக்கு ஒன்று இருந்தது.

"என்னப்பா பண்றீங்க?"

"ஓடு நகந்திருக்குத்தா. நீ போயி வெளையாடு."

நான் விளையாடப் போனேன். ஓடு நகர்ந்தால் சரிசெய்ய வேண்டியதுதானே.

டீச்சரம்மா நடுப்பகலுக்கு முன்பே வந்துவிட்டார். வெள்ளைக் கதர்ப் புடவை, மூக்குக் கண்ணாடி, வெயிலில் நடந்து வந்த களைப்பு. மோர் கொடுத்தாள் அம்மா. "வேலை முடியட்டும்" என்று அதை ஓரமாக வைத்துவிட்டு, நேரே அடுப்பின் முன்னால் உட்கார்ந்தார். விரல் முட்டியால் தட்டினார். கட்டைவிரல் நகத்தால் விளிம்பை அழுத்தினார். வாசலில் பக்கத்து வீட்டுப் பெண்கள் கூடிவிட்டார்கள்.

"கரம்பை கூடிப்போனா என்ன ஆகும்?"

"காயுறப்பவே வெடிச்சிரும்மா."

"மணல் கூடினா?"

"சூடு பட்டுப் பட்டு உதுந்துரும்."

"மேலே சிமிண்டு பூசிட்டா கெட்டியா இருக்குமே. ஏன் பூசலே?"

"மண்ணும் சிமிண்டும் சூட்டுக்கு ஒண்ணுபோல விரியாதும்மா. பேந்துக்கிட்டு வந்துரும். அதோட, இந்த ஊர்ப் பொம்பளைங்க சிமிண்டுக்கு எங்க போவாங்க?"

டீச்சரம்மா தலையை ஆட்டினார். "சரி, பத்த வை" என்றார்.

அத்தை பருத்திமாரைப் பற்றவைத்தாள். மூன்று குழியிலும் பானைகள் உட்கார்ந்திருந்தன. முதலில் கொஞ்சம் புகை வெளியே வந்தது. ஆரம்பத்தில் அப்படித்தான் வரும் என்று அத்தை சொன்னாள். பிறகு அதிகம் வந்தது. விறகு வாயிலிருந்தும் பானைகளின் அடியிலிருந்தும் குபுகுபுவென்று புகை கிளம்பி, புதிதாக வெள்ளையடித்த சுவரை மறைத்தது. டீச்சரம்மா கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். வாசலில் யாரோ சிரித்தார்கள்.

"இதுக்கா அடுப்ப இடிச்சீக?" என்று ஒரு குரல் கேட்டது.

அம்மாதான் முன்னால் வந்தாள்.

"நான் இம்புட்டு நாளா இதுலதாங்க சமைக்கிறேன். ஒரு பொட்டுப் புகை கெடையாது. நேத்து ராத்திரி வரைக்கும் நல்லா இருந்துச்சு. இன்னைக்கு இதுக்கு என்னமோ ஆகிப்போச்சு. செத்த பொறுங்கம்மா, அவ பாத்துருவா."

இத்தனை நாள் ஒரு நல்ல வார்த்தை சொல்லாத அம்மா, ஊர் முன்னால் அந்த அடுப்புக்குச் சாட்சி சொன்னாள்.

"என்ன கோளாறுன்னு கண்டுபிடிக்கிறதும் பரீட்சைதான்" என்றார் டீச்சரம்மா. "பாரு."

அத்தை விறகை வெளியே இழுத்துத் தண்ணீர் தெளித்தாள். அடுப்பின் உடம்பைத் தடவிக்கொண்டே போனாள். புகைபோக்கியின் அடிக்குழாயில் கை வைத்தாள், சூடு. எட்டிய மட்டும் மேலே வைத்தாள், பச்சைத் தண்ணீர் மாதிரி குளிர்ச்சி. குழாயின் அடியில் கரி அள்ளுவதற்காக விட்டிருந்த துளையை மூடியிருந்த செங்கலை எடுத்துவிட்டு, என் கைக்கண்ணாடியை வாங்கி உள்ளே சாய்த்துப் பிடித்தாள். வானம் வட்டமாகத் தெரியவேண்டும். இருட்டாக இருந்தது.

"அடுப்புல கோளாறு இல்லம்மா. மேல அடைச்சிருக்கு."

அதுவரை மாட்டுக் கொட்டகை ஓரமாக நின்றிருந்த அப்பா அவசரமாக ஏணியிடம் வந்தார். "நான் ஏறிப் பாக்குறேன்."

"வேணாம்ணே. பரீச்ச எனக்குத்தான" என்று அத்தை புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினாள். அப்பா ஏணியைப் பிடித்துக்கொண்டார். எங்கள் ஊரில் ஒரு பெண் கூரை ஏறியதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அத்தை குழாயின் வாய்க்குள் கையை விட்டாள். தோள்வரை உள்ளே போன கை கறுப்பாக வெளியே வந்தது. கையில் ஒரு மூட்டை. அவள் அதைப் பார்த்தாள். எங்கள் தோட்டத்து வெங்காய மூட்டைகளுக்கு அப்பா போடுகிற கட்டு அதில் இருந்தது. பிறகு ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்ற அப்பாவின் தலையைப் பார்த்தாள். அப்பா நிமிரவில்லை.

"என்னம்மா அது?" என்று கீழேயிருந்து டீச்சரம்மா கேட்டார்.

"அணில் கூடுங்கம்மா" என்று சொல்லிவிட்டு, அதை வீட்டின் பின்பக்கம் வீசி எறிந்தாள்.

எனக்கு அணில் என்றால் உயிர். குஞ்சு இருக்குமோ என்று பின்பக்கம் ஓடினேன். அங்கே கரி படிந்த சாக்குதான் கிடந்தது. திரும்பி ஓடிவந்து, "அணில் கூடு இல்லம்மா, அது நம்ம..." என்று ஆரம்பித்ததும் அம்மா என் தொடையில் கிள்ளினாள். அப்படி ஒரு கிள்ளு அதற்கு முன்னும் பின்னும் நான் வாங்கியதில்லை.

மறுபடி அடுப்பு பற்றவைக்கப்பட்டது. டீச்சரம்மா ஒரு கைப்பிடி பச்சை வேப்பிலையை உள்ளே போடச் சொன்னார். எல்லோரும் வெளியே வந்து பார்த்தோம். கூரைக்கு மேலே வெள்ளைப் புகை நேராக எழுந்து போய்க்கொண்டிருந்தது. உள்ளே சுவர் தெளிவாகத் தெரிந்தது. அப்போதுதான் டீச்சரம்மா மோரை எடுத்துக் குடித்தார்.

"அடுப்பு நல்ல அடுப்பு. கோளாறு கண்டுபிடிச்சதும் சரி. ஆனா குழாய் வாயிலே ஒரு கம்பி வலை போட்டிருந்தா அணில் பூந்திருக்குமா? அதுக்கு மார்க் குறைக்கத்தான் செய்வேன்."

அப்பா வாயைத் திறந்தார். "அம்மா, அது வந்து..."

"ஆமாங்கம்மா, என் தப்புத்தான்" என்று அத்தை குறுக்கே சொன்னாள். "இனிமே போடுற அடுப்புக்கெல்லாம் வலை போட்டுருவேன்."

அப்பா தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து, ஒன்றும் செய்யத் தெரியாமல் மறுபடி கட்டிக்கொண்டார்.

டீச்சரம்மா போன பிறகு வீட்டில் யாரும் இதைப் பற்றிப் பேசவில்லை. அம்மா பேசுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அப்பாவுக்குச் சோறு போட்டு, வழக்கத்தைவிட அதிகமாகக் குழம்பு ஊற்றினாள். மறுநாள் அப்பா திண்டுக்கல் போய்க் கம்பி வலை வாங்கிவந்தார். ஏணி போட்டு ஏறி, குழாயின் வாயில் அதை இறுக்கிக் கட்டினார். கீழே நின்ற எனக்குப் பொறுக்கவில்லை.

"அப்பா, அது அணில் இல்லப்பா. சாக்குதான் இருந்துச்சு. நான் பாத்தேன்."

"தெரியும்த்தா" என்று சொல்லிவிட்டு, கம்பியை இன்னொரு முறுக்கு முறுக்கினார். தெரிந்தும் எதற்கு வலை கட்டுகிறார் என்று எனக்கு விளங்கவில்லை. அத்தைக்குச் சாக்குக்கும் அணில் கூட்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லையே, இவள் எப்படி உத்தியோகம் பார்ப்பாள் என்றும் கவலையாக இருந்தது.

அத்தை பாஸானாள். நத்தம் பக்கம் ஓர் ஊரில் வேலை. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்கு அப்பாவும் நானும் போயிருந்தோம். அப்பா பெட்டியைப் பஸ்ஸின் மேலே ஏற்றிக் கட்டிவிட்டு இறங்கி, ஜன்னலோரம் வந்து நின்றார். பஸ் உறுமத் தொடங்கியதும்தான் கேட்டார்.

"மாப்பிள்ள வந்து நின்னா என்னான்னு சொல்லட்டும்?"

அத்தை சிரித்தாள்.

"அடுப்புப் போடப் போயிருக்கான்னு சொல்லுங்கண்ணே."

அப்பாவும் சிரித்தார். நான் அந்தப் பதிலை மறந்துவிடக் கூடாது என்று வழியெல்லாம் வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்தேன். மாமா வரும்போது அப்பா தோட்டத்தில் இருக்கலாம், அம்மா தண்ணீருக்குப் போயிருக்கலாம். அதனால் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வாசல்படியில் உட்கார்ந்து சாலையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். கோடை முடிந்து மழை பிடிக்கும்வரை அப்படி உட்கார்ந்திருந்தேன். அந்தப் பதிலை யாரிடமும் சொல்லவேண்டி வராது என்று பஸ் ஜன்னலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்த இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது. எனக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.