திருமயம் கோட்டையில் கால் நகராமல் நின்றேன்

சென்ற வருடம் பாம்பனிலிருந்து குடும்பத்தோடு திருமயம் மலைக்கோட்டை பார்க்கப் போனோம். மணலிலேயே நடந்து பழகிய எனக்கு மலை புதிது. உச்சியில் இருந்த பீரங்கியைத் தொட்டுப் பார்க்கும்வரை குதூகலமாகத்தான் இருந்தேன். இறங்கும்போது கீழே பார்த்துவிட்டேன். தலை சுற்றியது, சரிவுப் பாறையில் கால் நகரவில்லை. சொல்ல வெட்கப்பட்டு, சேலையைச் சரிசெய்வதுபோல் நின்றேன்.

"என்ன மதினி, இங்கனயே ராணியா இருந்துக்கிறப் போறீகளா?" என்று நாத்தனார் கேலி செய்தாள்.

"கால் வரமாட்டேங்குது" என்று அழுதுவிட்டேன்.

படகோட்டியான என் வீட்டுக்காரர் திரும்ப ஏறி வந்தார். "படகுல இருந்து எப்படி இறங்குவ? பலகையப் பிடிச்சுத் திரும்பித்தான? அதே மாதிரி பாறையப் பாத்து இறங்கு. கீழ நான் நிக்கிறேன்" என்றார். அப்படியே தவழ்ந்து இறங்கினேன்.

இப்போதெல்லாம் எந்த மலையானாலும் பயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாறையைப் பார்த்தபடிதான் இறங்குகிறேன். யாராவது சிரித்தால் நானும் சேர்ந்து சிரிக்கிறேன்.