வாசனை தெரியாத மடப்பள்ளிக்காரனுக்குப் பெருமாள் செய்தது

இரண்டு வருடம் என் மூக்குக்கு எந்த வாசனையும் தெரியவில்லை. அதை ஊரறியாமல் மறைத்தேன். அடியேனின் வேலையைக் கேட்டால் உங்களுக்குச் சிரிப்பும் வரும், கோபமும் வரும். மயிலாப்பூரில் மாட வீதிகளைத் தாண்டி ஒரு சந்தில் இருக்கும் சின்னப் பெருமாள் கோயிலில் எனக்கு மடப்பள்ளிக் கைங்கரியம். பெருமாளுக்குச் சமைக்கிறவன் நான்.

ஒரு மழைக்கால ஜலதோஷத்தில் ஆரம்பித்தது. சளி போயிற்று, அடைப்பு போகவில்லை. நெற்றியில் கல்லை வைத்து அழுத்துகிற மாதிரி வலி. வாயால்தான் மூச்சு. ஆவி பிடித்தேன், சுக்கு இழைத்துப் பற்றுப் போட்டேன், ஒன்றும் நடக்கவில்லை. ஒரு நாள் அடுப்பில் பால் தீய்ந்து கரியாகும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். அன்றைக்குத்தான் விஷயம் புரிந்தது.

வேறு இடத்துச் சமையல்காரனாக இருந்தால் ஒரே வாரத்தில் மாட்டிக்கொண்டிருப்பேன். மடப்பள்ளியில் மாட்டவில்லை. பெருமாள் அமுது செய்வதற்கு முன்னால் தளிகையை, அதாவது அவருக்குச் சமைத்ததை, நாம் ருசி பார்க்கக் கூடாது, முகர்ந்தும் பார்க்கக் கூடாது. உப்பு, புளி, நெய் எல்லாம் கைக்கணக்குதான். முப்பது வருடப் பழக்கம் என்னைக் காப்பாற்றியது. அந்தத் தைரியத்தில் மனைவியிடம் வேதாந்தம் பேச ஆரம்பித்தேன்.

“பத்மா, மோப்பம் பிடிக்காம தளிகை பண்ணணும்னு பெருமாளே என் மூக்கை அடைச்சுட்டார்.”

“மூக்கடைப்புக்குப் பேர் பக்தியா? அவர் மேல ஏன் பழி போடறேள்? கிளம்புங்கோ, டாக்டரைப் பார்த்துண்டு வரலாம்.”

நான் கிளம்பவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்குப் பயம். மூக்கு சரியில்லாதவனை மடப்பள்ளியில் வைத்துக்கொள்வார்களா? அதை விட்டால் எனக்கு வேறு எதுவும் தெரியாது. தினமும் காலையில் சன்னதி முன் நின்று, “இது யாருக்கும் தெரியாமல் பார்த்துக்கொள், பெருமாளே” என்று வேண்டிக்கொள்வேன். குணமாக்கு என்றுகூடக் கேட்கவில்லை பாருங்கள். ஒருமுறை நெய் காரலாக இருக்கிறது என்று ஒரு பெரியவர் சொன்னார். அவரிடம் எகிறினேன். பிறகு நெய் விற்ற கடைக்காரரிடமும் போய் எகிறினேன். குறை சொல்கிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது.

போன புரட்டாசி கடைசி சனிக்கிழமை. விடிவதற்குள் தெருமுனை வரை வரிசை. மடப்பள்ளிச் சுவருக்கு மறுபுறம்தான் ஜனங்கள் நிற்பார்கள், கைக்குழந்தைகளோடு. எங்களுடையது சின்னக் கோயில், கேஸ் அடுப்புதான். முதலில் விளக்கேற்றிவிட்டுத்தான் அடுப்பைத் தொடுவேன். கதவைத் திறந்து உள்ளே போனேன். ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டே தீக்குச்சியை எடுத்தேன்.

“சாமீ! கொளுத்தாத! கொளுத்தாத!”

கோயிலுக்குப் பூமாலை கொண்டுவரும் செல்வி, கூடையோடு வாசலில் நின்று அலறினாள்.

“கேஸ் நாத்தம் குடலப் புடுங்குது! உனுக்குத் தெரில? மூக்கு இன்னா அடச்சிகினு கீதா?”

அவள் சும்மா திட்டினாள். எனக்கோ அதுதான் உண்மை; தீக்குச்சியைக் கீழே போட்டேன்.

“சுவிட்சு கிவிட்சு தொடாத. சிலிண்டர மூடிட்டு வெளிய வா சாமி!”

அவள் சொன்னபடியே செய்தேன். அடுப்புக்குப் போகும் ரப்பர் குழாயில் விரிசல் விட்டு, இரவெல்லாம் கசிந்திருக்கிறது. மடப்பள்ளி முழுக்க கேஸ். எனக்கு ஒரு துளி தெரியவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ ஒரு குழந்தை சிரித்துக்கொண்டிருந்தது. அதைக் கேட்டதும் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன்.

“பெருமாளே, மூக்கு போனால் போகட்டும். கைங்கரியமும் போகட்டும். என்னால் யாருக்கும் எதுவும் ஆகக் கூடாது.” இரண்டு வருடத்தில் நான் உண்மையாகச் செய்த முதல் பிரார்த்தனை அதுதான்.

அன்று உற்சவம் முடிந்ததும், கோயிலில் பூஜை செய்யும் பட்டர் ஸ்வாமியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வெளியே போ என்பார் என்று நினைத்தேன்.

“இத்தனை நாளா வாயைத் திறக்கலையே, ஓய்! போய் உடம்பைப் பார்த்துக்கொள்ளும். அதுவரைக்கும் என் மச்சினன் பார்த்துப்பான்,” என்றார். அவ்வளவுதான்.

பத்மா மறுநாளே அடையாறில் ஒரு காது மூக்கு தொண்டை டாக்டரிடம் அழைத்துப் போனாள். சின்ன வயசுப் பெண். மூக்குக்குள் மெல்லிய குழாயை விட்டு, உள்ளே இருப்பதை டிவி மாதிரி ஒரு திரையில் எனக்கே காட்டினாள்.

“சைனஸ்ல பழைய இன்ஃபெக்‌ஷன், மாமா. ரெண்டு பக்கமும் திராட்சைக் கொத்து மாதிரி சதை வளர்ந்திருக்கு. வாசனை மேல போக வழியே இல்ல. ஆபரேஷன் பண்ணா மூச்சு நல்லா வரும். வாசனை வரும்னு மட்டும் நான் சத்தியம் பண்ண மாட்டேன்.”

ஐப்பசியில் ஆபரேஷன். சில நாளிலேயே நன்றாக மூச்சு வந்தது. நெற்றி வலியும் விட்டது. வாசனை மட்டும் வரவில்லை. உப்பு நீரால் மூக்கைக் கழுவி, ஸ்ப்ரே அடித்து, தினமும் காப்பிப் பொடி டப்பாவைத் திறந்து முகர்ந்தேன். ஒரு வாரம், இரண்டு வாரம், ஒரு மாதம் போயிற்று. பத்மா எதிரே உட்கார்ந்து என் முகத்தையே பார்ப்பாள். நான் இல்லை என்று தலையாட்டுவேன். அவள் டப்பாவை மூடிவிடுவாள்.

கார்த்திகையில் ஒரு நாள் மந்தைவெளிப் பக்கம் நடந்துகொண்டிருந்தேன். குப்பை வண்டி ஒன்று என்னைத் தாண்டிப் போனது. குப்பென்று ஒரு நாற்றம். அழுகின முட்டைக்கோஸ், மீன் கழிவு, இன்னும் என்னென்னவோ. சுற்றியிருந்தவர்கள் எல்லாம் மூக்கைப் பொத்தினார்கள். நான் கைகூப்பிக்கொண்டு வண்டி பின்னாலேயே ஓடினேன். கண்ணில் தாரை தாரையாக நீர். ஓட்டுநர் எட்டிப் பார்த்து, “இன்னா பெர்சு, எதுனா தொலச்சிட்டியா?” என்றார். கிடைத்துவிட்டது என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

மார்கழி முதல் நாள் மடப்பள்ளிக்குத் திரும்பினேன். நாம் முகரக் கூடாதுதான், ஆனால் அடுப்பிலிருந்து தானாக எழுந்து வந்த வாசனையை நான் என்ன செய்ய? கண்ணை மூடிக்கொண்டு, “எல்லாம் உனக்குத்தான் பெருமாளே” என்று சொல்லிவிட்டேன். பெருமாள் அமுது செய்த பிறகு முதல் தொன்னைப் பொங்கலைச் செல்வியிடம் கொடுத்தேன். ஒரு வாய் போட்டவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“இன்னா சாமி, உப்பே போடலியா?”

சந்தோஷத்தில் மறந்தே போயிருக்கிறேன். பழைய ஆளாக இருந்தால் அங்கேயே சண்டை பிடித்திருப்பேன். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

“நாளைக்கும் வந்து சாப்பிட்டுப் பார்த்துச் சொல்லும்மா,” என்றேன்.

இதைப் படிக்கிறவர்களில் யாராவது காதில் சீழையோ தொண்டையில் கட்டியையோ மறைத்துக்கொண்டு திரிந்தால், இன்றைக்கே சன்னதியில் போய் வாய்விட்டுச் சொல்லுங்கள். அப்படியே டாக்டரிடமும் போங்கள். பெருமாள் உங்களைக் கைவிட மாட்டார். ஆனால் யாரை அனுப்புவார், என்ன சொல்லித் திட்டச் சொல்வார் என்பது மட்டும் அவர் இஷ்டம்.