பத்துக்கு எது எடைக்கல்?

எங்கள் தெருவில் எல்லோருக்கும் அவர் தராசுக்காரர். கடைத் தராசுகளைப் பழுதுபார்த்து, எடைக்கல் வைத்துச் சோதித்துக் கொடுப்பது அவருடைய முப்பது வருடத் தொழில். யார் எதைச் சொன்னாலும் "எதை வச்சுச் சொல்றீங்க?" என்று கேட்பார். "இன்னைக்கு வெயில் அதிகம்" என்று பேச்சுக்குச் சொன்னவரைக்கூட விட்டதில்லை.

அவருக்குக் குடலில் புற்றுநோய் வந்தது. அறுவைச் சிகிச்சை, கீமோ எல்லாம் முடிந்து எட்டு மாதம் ஆகிறது. நோய் போய்விட்டது என்று மருத்துவர் சொன்னபோதும் அதே கேள்வியைக் கேட்டு, ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த பிறகுதான் கும்பிட்டார். ஆனால் போன நோய், கீமோவின் புண்ணியத்தில், விரல் நுனிகளின் உணர்ச்சியையும் கையோடு கூட்டிக்கொண்டு போயிருந்தது. பிடித்த திருகாணி விரலில் இருக்கிறதா, விழுந்துவிட்டதா என்று குனிந்து பார்த்தால்தான் தெரியும். மாலையில் பட்டறைத் தரையைக் காந்தத்தால் துழாவுவது மனைவியின் வேலையாயிற்று.

சிகிச்சை முடிந்தவர்கள் அதன்பிறகு எப்படி வாழ்கிறார்கள் என்று மருத்துவமனையில் ஓர் ஆய்வு நடந்தது. புதன்கிழமைதோறும் ஒரு நர்ஸ் போன் செய்து களைப்புக்கும் தூக்கத்துக்கும் விரல் மரப்புக்கும் பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எண் கேட்பார். ஆறு வாரத்தில் ஒரு தடவையாவது மரப்பு நான்கைத் தொட்டால் கைப்பயிற்சி வகுப்பில் இடம் உண்டு.

"பத்துன்னா எதும்மா?" என்று முதல் வாரமே கேட்டார்.

"நீங்க கற்பனை பண்ண முடிஞ்சதுலயே ரொம்ப மோசமானதுங்க ஐயா."

தராசுக்காரர் கற்பனையில் கஞ்சத்தனம் காட்டவில்லை. விரல்கள் மொத்தமாக உதிர்ந்துபோவதைப் பத்து என்று வைத்துக்கொண்டார். அந்தக் கணக்கில் அவருடைய மரப்பு இரண்டு. ஐந்து வாரமும் இரண்டு என்றே சொன்னார்.

ஆறாவது செவ்வாய்க்கிழமை, அவர் சட்டைக்குப் பொத்தான் போட்டுவிட்டபடியே மனைவி ஆரம்பித்தார். "நாளைக்குக் கடைசி போன். பேசாம அஞ்சுன்னு சொல்லிடுங்க."

"கள்ள எடை போடச் சொல்றியா?"

"உங்க நேர்மை வந்து பொத்தான் போட்டுவிடுமா?"

"பட்டறையை மூடினாலும் மூடுவேன். இல்லாததைச் சொல்ல மாட்டேன்."

"சரி, அந்தப் பத்துக்கு எதை வச்சிருக்கீங்க?"

"விரலே இல்லாம போறதை."

"உங்களுக்கு அப்படி ஒரு நாள் ஆச்சா?"

"எனக்கு எங்க ஆச்சு?"

"கண்ணால பார்க்காத எடைக்கல்லை வச்சுத்தான் ஊர்த் தராசையெல்லாம் சோதிச்சீங்களா?"

முப்பது வருடத்தில் தராசுக்காரர் தொழிலில் யாரும் குற்றம் கண்டுபிடித்ததில்லை. மனைவியோ கடைசிப் பொத்தானைப் போட்டுவிட்டு, கண்டுபிடித்த பெருமைகூட இல்லாமல் சமையலறைக்குப் போய்விட்டார்.

அன்று பட்டறை திறக்கவில்லை. ஒரு தாளில் புதிதாக எழுதினார். நோய்க்கு முந்தைய விரல் பூஜ்யம். நான்காவது கீமோவுக்கு மறுநாள், குளிர்ந்த தம்ளரைத் தொட்டதும் மின்சாரம் பாய்ந்ததுபோல் அலறினாரே, அந்த விரல்கள் கண்ட மிக மோசமான நாள், அது பத்து. அந்த அலறல் எவ்வளவு தூரம் கேட்டது என்று பக்கத்து வீட்டில் போய் விசாரித்தும் வந்தார். இரண்டு வீடு தள்ளிக் கேட்டிருந்தது.

"விரல் மரப்பு ஆறு," என்றார் மறுநாள் போனில்.

"போன வாரம் ரெண்டுதானே சொன்னீங்க? திடீர்னு அதிகமாயிடுச்சா ஐயா?" நர்ஸ் பதறினார்.

"விரல் அப்படியேதாம்மா இருக்கு. எடைக்கல்தான் தப்பு. பழைய அஞ்சு வாரத்தையும் திருத்திடுங்க."

"எழுதினதைத் திருத்தக் கூடாதுங்க ஐயா."

"தப்பான அளவுன்னு தெரிஞ்சும் விட்டுடுவீங்களா?"

"வேணும்னா பக்கத்துல ஒரு குறிப்பு எழுதலாம்."

"எழுதுங்க, சொல்றேன்."

குறிப்பு பதினொரு நிமிடம் நீண்டது. முடிந்ததும் அதைத் திரும்ப வாசிக்கச் சொன்னார். மனைவி போனைப் பிடுங்கி, "கோவிச்சுக்காதம்மா, எங்க வீட்டுல இருபத்தெட்டு வருஷமா இதே கதைதான்," என்றார். அந்தப் பக்கம் நர்ஸ் சிரித்துவிட்டு, திங்கட்கிழமை காலை வகுப்புக்கு வரச் சொன்னார்.

முதல் பாடம், மணல் நிரப்பிய கிண்ணத்தில் கண்ணை மூடிக்கொண்டு நாணயம் தேடுவது. தராசுக்காரர் வெகுநேரம் துழாவி, "நாணயம்!" என்று வெற்றியோடு கையை நீட்டினார். கையில் இருந்தது பாட்டில் மூடி.

"பரவாயில்லைங்க, முதல் நாள்தானே," என்றார் பயிற்சி கொடுத்தவர்.

"என்ன பரவாயில்ல? தப்புன்னு எழுதுங்க. அடுத்த வாரம் எதோட ஒப்பிட்டுப் பார்க்கிறது?"

அவர் எழுதினார். தராசுக்காரர் எட்டிப் பார்த்து, தேதியும் போடச் சொல்லிவிட்டு, மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.