ஆயில் குடிக்கிற வண்டி

வண்டலூர் மேம்பாலம் ஏறும்போது இன்ஜின் கத்துகிறது, கார் நகரமாட்டேன் என்கிறது. ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதித்தாலும் சத்தம்தான் ஏறியது. பின்னால் வந்த பஸ்காரர் ஹாரனாலேயே என் வம்சத்தைத் திட்டித் தீர்த்தார். வீட்டுக்கு வந்து சொன்னேன். என் கணவர் தீர்ப்பே எழுதிவிட்டார்: "கிளட்ச் போச்சு. நீ பெடல்லேர்ந்து காலையே எடுக்காம ஹாஃப் கிளட்ச்லயே ஓட்டறே."

வண்டியை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. சோபாவில் சாய்ந்தபடி சொன்னார். போதாததற்கு அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பில் வேறு கேட்டார். மூன்றாவது மாடி ரிட்டயர்டு ஆபீசர், "லேடீஸ் ஓட்டினா அப்படித்தான் சார்" என்று எழுதி, சிரிக்கிற பொம்மை போட்டார். அந்த மனுஷர் காரை ரிவர்ஸ் எடுத்தால் தெருமுனை காய்கறிக்காரர் தராசைத் தூக்கிக்கொண்டு கடைக்குள் ஓடுவார்.

அன்றைக்கே சாவி என் கணவர் பாக்கெட்டுக்குப் போனது. ரிப்பேர் ஆனாலும் இனி நான் ஓட்ட வேண்டாமாம். சிங்கப்பெருமாள் கோவிலில் நான் பாடம் எடுக்கும் பள்ளிக்கு ஷேர் ஆட்டோவும் ரயிலுமாக அல்லாடினேன்.

சனிக்கிழமை முடிச்சூர் மெக்கானிக்கிடம் போனோம். அவர் ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, மூன்றாவது கியரில் கிளட்ச்சை விட்டுப் பார்த்தார். கிளட்ச் சரியாக இருந்தால் இன்ஜின் நின்றிருக்க வேண்டும். அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"கிளட்ச் பிளேட் சறுக்குது சார். மேடமா ஓட்டறாங்க?"

இவரும் அதே ரகம்தான். என் கணவர் பெருமூச்சோடு தலையாட்டினார். "கழட்டும்போது நான் பார்க்கணும்" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

கியர் பாக்ஸை இறக்கினார்கள். பிளேட் எண்ணெயில் முக்கியெடுத்த வடை மாதிரி சொட்டியது. "தேய்மானமே இல்ல சார்" என்றார் மெக்கானிக், என்னைப் பார்க்காமல். "இன்ஜின் பின்னாடி ஆயிலைத் தடுக்கிற சீல் போயி, மொத்தமும் பிளேட் மேல எறங்கிக்கீது. ஆயில் கொறையலையா?"

"கொறையும். நான்தான் அப்பப்போ ஊத்திடுவேனே. பழைய வண்டி, குடிக்கத்தானே செய்யும்?" என்றார் என் கணவர், பெருமையாக.

மாசக்கணக்கில் ஊற்றிய ஆயில் எங்கே போகிறது என்று ஒரு நாளாவது குனிந்து பார்த்தாரா இந்த மகா நிபுணர்? பார்க்கிங் தரையில் கறை விழுந்ததும் ஒரு அட்டையைப் போட்டு மூடினார். அத்தோடு அவர் ஆராய்ச்சி முடிந்தது.

சீலும் பிளேட்டும் மாற்றி வண்டியைக் கொண்டுவந்தோம். லிஃப்ட் பக்கத்தில் அந்த ஆபீசர் பிடித்துக்கொண்டார். "கிளட்ச் மாத்தியாச்சா சார்? மேடத்தை இனிமேலாவது பார்த்து ஓட்டச் சொல்லுங்க."

நான் பக்கத்திலேயேதான் நிற்கிறேன். அவள் மேல் தப்பில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் வாயிலிருந்து முத்தா உதிர்ந்துவிடும்? என் கணவர் சிரித்தார். "சொல்றேன் சார்" என்றார்.

லிஃப்ட் வருவதற்குள் அவர் கையிலிருந்த சாவியை எடுத்து என் பையில் போட்டுக்கொண்டேன். திங்கட்கிழமையிலிருந்து அவர்தான் தாம்பரத்தில் இருக்கிற தன் ஆபீசுக்கு ஷேர் ஆட்டோவில் போகிறார். சாவியை இதுவரை கேட்கவில்லை. கேட்டாலும் கொடுப்பதாக இல்லை.