பூஜைக்கு வைத்த கம்ப்யூட்டர்

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரைக் கொன்றது பெரியப்பாதான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் குடும்பத்தில் இந்தக் கதையை யார் சொன்னாலும் இந்த ஒரு விஷயம் மட்டும் எப்படியோ விட்டுப்போய்விடும்.

அப்போது எனக்குப் பதினொரு வயது. கொச்சியில், மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டுக்கும் பெரியப்பா வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். எங்கள் கோயிலுக்கு நூறு வருஷம் நிறைவதால் ஒரு விழா மலர் போடுவதென்று முடிவாகியிருந்தது. கோயில் கமிட்டிக்குச் செயலாளர் பெரியப்பா. மலர் தமிழில்தான் வரவேண்டும் என்று கூட்டத்தில் முழங்கிவிட்டு வீட்டுக்கு வந்த பிறகுதான், கமிட்டியில் ஒருவருக்கும் தமிழில் நாலு வரி ஒழுங்காக எழுத வராது என்பது அவருக்கு உறைத்தது. எல்லாரும் இங்கேயே பிறந்து மலையாளம் படித்தவர்கள். அம்மா ஒருத்திதான் கல்யாணமாகித் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவள். போதாததற்குத் தமிழ் டைப்ரைட்டிங்கில் லோயர், ஹையர் இரண்டும் பாஸ் பண்ணியவள். ஆகவே மலரின் நூற்றுப் பன்னிரண்டு பக்கங்களையும் எங்கள் வீட்டு மூலையில் இருந்த பழைய கம்ப்யூட்டரில் அம்மாவே அடித்து முடித்தாள்.

அம்மா பெரியப்பாவோடு நேராகப் பேசமாட்டாள். அவர் முன்னால் நாற்காலியில் உட்காரவும் மாட்டாள். சொல்ல வேண்டியதை என்னிடம் சொல்வாள், நான் பெரியப்பாவிடம் சொல்வேன், இரண்டடி தூரத்தில் நிற்கும் அவர் அதை இரண்டாம் முறையாகக் கேட்டுக்கொள்வார். பதிலும் அதே வழியில் திரும்பும். என்னைத் தாண்டி அந்த வீட்டில் ஒரு சேதியும் போகாது என்பதில் எனக்குப் பெருமை தாங்காது.

நவராத்திரி அஷ்டமி சாயங்காலம் புத்தகங்களையும் தொழில் கருவிகளையும் பூஜைக்கு வைப்பார்கள். வைத்தால் விஜயதசமி காலை வரைக்கும் தொடக் கூடாது. இந்த வருஷம் கம்ப்யூட்டரும் பூஜைக்கு வரவேண்டும் என்றார் பெரியப்பா. மலர் அதற்குள்தானே இருக்கிறது. அம்மா கம்ப்யூட்டரை அணைக்கப் போனாள். திரையில் ஏதோ எழுத்து வந்து நின்றது. கண்ணில் படுகிற எழுத்தை வாசிக்காமல் விடுவது அம்மாவால் முடியாத காரியம்.

"ஏட்டி, இன்னும் உள்ள வேலை நடக்காம். தானா அணையுத வரைக்கும் கரண்டை நிறுத்தக் கூடாதுன்னு போட்டிருக்கு. பெரியப்பாகிட்டச் சொல்லு."

சொன்னேன். "நல்ல நேரம் முடியப்போகுது. இந்தப் பெட்டி சொல்லியா நான் கேக்கணும்?" என்று பெரியப்பா பிளக்கைப் பிடுங்கிவிட்டார். பிறகு மானிட்டருக்குப் பட்டை பட்டையாகச் சந்தனம், கீபோர்டுக்கு ஒரு பொட்டு, சி.பி.யூ. பெட்டியின் முகப்புக்குக் கை நிறைய அள்ளிச் சந்தனம், அதற்குமேல் குங்குமம், செம்பருத்தி. கம்ப்யூட்டர் பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது.

விஜயதசமி காலையில் தட்டில் பரப்பிய அரிசியில் விரலால் எழுதிவிட்டு எழுந்து, கம்ப்யூட்டரைப் போட்டோம். கறுப்புத் திரையில் ஒரே ஒரு ஆங்கில வரி வந்து நின்றது. மறுபடி போட்டாலும் அதே வரி. அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. மதியம் இரண்டு மணிக்குள் மலர் கலூரில் இருந்த அச்சகத்துக்குப் போயாக வேண்டும். அதற்குமேல் மெஷினை வேறு வேலைக்குக் கொடுத்துவிடுவேன் என்று அச்சகக்காரர் கறாராகச் சொல்லியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை விழா. நூற்றுப் பன்னிரண்டு பக்கமும் அந்தப் பெட்டியைத் தவிர வேறெங்கும் இல்லை.

சுள்ளிக்கல்லில் இருந்த சித்தப்பாவை ஆள் அனுப்பி வரவழைத்தார்கள். சித்தப்பா அப்பாவின் தம்பி. ஆறு மாதம் கம்ப்யூட்டர் ரிப்பேர் படித்தவர். அதற்குப் பிறகு ஒன்றரை வருஷமாக, வாங்கிய சான்றிதழுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியதைத் தவிர வேறு வேலை எதுவும் அவருக்கு அமையவில்லை. பெரியப்பா அவரை வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"இதையாவது நேரே ஆக்கு. இல்லேன்னா திங்கக்கிழமை கொச்சங்காடி குடோனுக்கு வந்துரு. மொளகு மூட்டை எண்ண ஆள் வேணும்னு கேக்குறாங்க."

அதைச் சொல்லிவிட்டு அவர் கோயிலுக்குப் போய்விட்டார். சித்தப்பாவைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. அவருக்குக் கம்ப்யூட்டர் என்றால் உயிர். கம்ப்யூட்டருக்கு அவர்மேல் அப்படி ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை.

ஆனாலும் அவர் கொண்டுவந்த யோசனை நல்ல யோசனைதான். சட்டைப் பையிலிருந்து ஒரு பென்டிரைவை எடுத்தார். "மதினி, பேடிக்க வேண்டாம். பெட்டியோட சொந்த மூளை மயங்கிக் கெடக்கு. இதுக்குள்ள லினக்ஸ் இருக்கு. இதை வச்சு எழுப்பிட்டா உள்ள போயி மலரை மட்டும் தூக்கிட்டு வந்துரலாம்." லினக்ஸ் என்றதும் நான் குதித்தேன். எங்கள் பள்ளிக்கூடத்து லேபில் இருந்தது அதுதான். எனக்கு அது தண்ணீர்பட்ட பாடு.

சித்தப்பா பென்டிரைவை முன்பக்கத்து ஓட்டையில் செருகிக் கம்ப்யூட்டரைப் போட்டார். அதே கறுப்பு, அதே வரி. கீபோர்டில் ஏதோ ஒரு சாவியைத் தட்டோ தட்டென்று தட்டி ஒரு நீலப் பக்கத்துக்குள் போனார், எதை எதையோ மாற்றினார், வெளியே வந்தார். மறுபடியும் கறுப்பு. ஐந்து முறையோ ஆறு முறையோ இப்படி நடந்தது. திரையில் கேள்வி வந்தால் அது முழுதாகத் தோன்றுவதற்குள் அவர் பதிலை அமுக்கியிருப்பார். "அதுல என்ன போட்டிருக்கு தம்பி?" என்று அம்மா பின்னாலிருந்து கேட்பதற்குள் அது போய்விட்டிருக்கும்.

பதினொன்றரைக்கு அவர் எழுந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. "பென்டிரைவ் கேடுன்னு தோணுது மதினி. கலூர்ல கூட்டுக்காரன்கிட்ட வேற இருக்கு, போயி வாங்கிட்டு வாறேன். அதுவும் ஓடலைன்னா ஃபார்மேட் அடிக்கிறதுதான் வழி."

"அடிச்சா?"

"பெட்டி சரியாயிரும். உள்ள இருக்கது எல்லாம் போயிரும்."

பைக் சத்தம் தெருமுனையைத் தாண்டியது. அம்மா அடுப்பை அணைத்தாள், கையை முந்தானையில் துடைத்தாள், வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். நீலப் பக்கத்தைக் கொண்டுவரச் சொன்னாள். அதற்குள் சித்தப்பா தட்டிய சாவியை நான் பார்த்துவைத்திருந்தேன். தட்டினேன், வந்தது. அம்மா திரையில் விரல் வைத்து வரிவரியாக வாசிக்க ஆரம்பித்தாள். டைப் அடிக்கிறவர்களுக்கு ஒரு எழுத்தைக்கூடத் தாண்டிப் போகிற பழக்கம் கிடையாது. எனக்கோ இருப்புக்கொள்ளவில்லை. எதையாவது அமுக்கும்மா என்று தவித்தேன்.

"எதெதிலிருந்து எழும்பணும்னு வரிசையாப் போட்டிருக்கு. இதுல பென்டிரைவ் பேரையே காணோமே." அம்மா குனிந்து பார்த்தாள். "இதைச் செருகினா லைட்டு எரியணும்லா?"

எரியவில்லை. அம்மா பென்டிரைவை உருவினாள். அதன் வாய் முழுக்க மஞ்சளாக இருந்தது. முகர்ந்து பார்த்தாள், என்னிடமும் நீட்டினாள். நல்ல அரைத்த சந்தனம். பெரியப்பா அள்ளி அப்பியதில் முன்பக்கத்து ஓட்டைகள் இரண்டும் அடைத்துக் காய்ந்து கெட்டியாகியிருந்தன. அம்மா சிரிக்க ஆரம்பித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் வர, நாற்காலி ஆட ஆடச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

கம்ப்யூட்டரை அணைத்து, பென்டிரைவைத் துடைத்து, பெட்டியைத் திருப்பிப் பின்பக்கத்து ஓட்டையில் செருகினோம். மறுபடி போட்டதும் பச்சை லைட் எரிந்தது. நான் கத்தியதில் பக்கத்து வீட்டிலிருந்து பெரியம்மா என்ன என்ன என்று குரல் கொடுத்தாள். நீலப் பக்கத்தில் பென்டிரைவின் பெயர் வரிசையில் கடைசியாக வந்து நின்றது. மேலே ஏற்ற எந்தச் சாவி என்று ஓரத்திலேயே எழுதியிருந்தது. அம்மா அதை வாசித்து, ஏற்றி, மாற்றத்தைச் சேமிக்கவா என்று கேட்டதற்கு ஆமாம் என்று அமுக்கினாள். கறுப்புத் திரை, ஒரு நிமிஷம் ஒன்றுமில்லை. பிறகு இரண்டே இரண்டு வரிகள் வந்தன, கூடவே பத்து, ஒன்பது என்று குறைகிற எண்கள். மேல்வரி ஏற்கனவே பளிச்சென்று இருந்தது. நான் பாய்ந்து அதை அமுக்கப் போனேன். அம்மா என் கையில் ஒரு அடி வைத்தாள்.

"மேல உள்ளது, இருக்கதை அழிச்சிட்டுப் புதுசா ஏத்துதது. கீழ உள்ளது, எதையும் தொடாம சும்மா ஓட்டிப் பாக்குதது." எண் நான்கில் இருந்தபோது அவள் கீழ்வரிக்குப் போய் அமுக்கினாள்.

எங்கள் லேபில் பார்த்த அதே முகப்பு வந்தது. அதற்குமேல் என் ராஜ்ஜியம். எந்தக் கதவுக்குள் எந்தக் கதவு என்று நான் காட்டக் காட்ட அம்மா சொடுக்கிக்கொண்டே போனாள். மலர் என்ற பெயரோடு கோப்பு அங்கே இருந்தது. திறந்தாள். ஒரு தமிழ் எழுத்துகூட இல்லை. ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகப் பக்கம் பக்கமாகக் குப்பை. எனக்கு அழுகை வந்துவிட்டது. எல்லாம் போச்சு என்று தரையில் உட்கார்ந்தேன்.

அம்மா அசையாமல் திரையைப் பார்த்தாள். பிறகு விரல்களைக் கீபோர்டுக்குமேல் உயர்த்தி, எதையும் தொடாமல், அந்தக் குப்பை எழுத்துகளை ஒவ்வொன்றாகக் காற்றில் அடித்தாள். "பொ… ரு… ள… பொருளடக்கம்." அடுத்த வரிக்குப் போனாள். "தலைவர் உரை. ஏட்டி, எல்லாம் இருக்குட்டி. இதுல நம்ம தமிழ் எழுத்துக்கான ஃபான்ட் இல்ல, அதான் இப்படித் தெரியுது. அச்சகத்துல அந்த எழுத்து உண்டு." அந்தச் சாவிகளில் எந்த விரல் எந்தத் தமிழ் எழுத்தைத் தரும் என்று அவள் கைக்குத் தெரிந்திருந்தது. கண்ணால் வாசிக்க முடியாததைக் கையால் வாசித்தாள். நான் எழுந்து அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டேன்.

சித்தப்பா இன்னொரு பென்டிரைவோடு மூச்சிரைக்க வந்தபோது மணி ஒன்று. திரையைப் பார்த்தார், திருப்பி வைத்த பெட்டியைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. அம்மா அவர் கையிலிருந்ததை வாங்கி, பின்பக்கத்து இன்னொரு ஓட்டையில் செருகி, மலரை அதற்கு மாற்ற விட்டாள். அந்த நேரம் பார்த்து வாசலில் பெரியப்பாவின் செருமல் கேட்டது. அம்மா சட்டென்று எழுந்து, நாற்காலியைச் சித்தப்பா பக்கம் தள்ளிவிட்டு, அடுக்களை வாசலுக்குப் போய்விட்டாள்.

"ஆச்சா?" என்றார் பெரியப்பா.

"ஏட்டி," என்றாள் அம்மா உள்ளேயிருந்து, "சித்தப்பா சரிபண்ணிட்டாங்க, இப்பமே கலூருக்குக் கிளம்புதாங்கன்னு பெரியப்பாகிட்டச் சொல்லு."

நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் கண்ணை உருட்டினாள். சித்தப்பாவைப் பார்த்தேன், அவர் கீபோர்டையே பார்த்துக்கொண்டிருந்தார். வேறு வழியில்லாமல் அந்தப் பொய்யை என் வாயாலேயே சொன்னேன். பெரியப்பா சித்தப்பாவின் தோளில் தட்டிக்கொடுத்தார். குடோன் பேச்சு அதற்குப் பிறகு எழவே இல்லை.

மலர் வந்தது. கோயிலில் சித்தப்பாவுக்குப் பொன்னாடைகூடப் போர்த்தினார்கள். எனக்கு அவர்மேல் தீராத கோபம். மட்டாஞ்சேரியில் யார் வீட்டுக் கம்ப்யூட்டர் படுத்தாலும் அவரைத்தான் கூப்பிட்டார்கள். போகிற வழியில் அவர் எங்கள் வீட்டில் பைக்கை நிறுத்தி, அடுக்களை வாசலில் நின்று, சாயா குடித்துக்கொண்டே அம்மாவிடம் தணிந்த குரலில் ஏதோ கேட்டுவிட்டுப் போவார். பாதி வேலையில் திரும்பி வந்து இன்னொரு சாயா குடிப்பதும் உண்டு. இப்படியும் ஒரு சாயாப் பைத்தியமா என்று நினைப்பேன்.

நாலைந்து நாள் அவர் வராமல் போனால் அம்மா இருந்து இருந்து வாசலைப் பார்ப்பாள். "சித்தப்பாவுக்கு ஒரு போன் போடுட்டி, என்ன, ஒண்ணும் விசேஷம் இல்லையான்னு கேளு" என்பாள். கொழுந்தன்மேல் என்ன பாசம் என்று எரிச்சலோடு நம்பரைப் போட்டுக் கொடுப்பேன். எங்கேயாவது ஒரு கம்ப்யூட்டர் கெட்டுப்போகாதா என்று அம்மா காத்துக்கொண்டிருந்தது அப்போது எனக்குத் தெரியவில்லை.